அப்பாவோட சேந்து சைக்கிள்ல சி அண்ட் ஓ (செசபீக் அண்ட் ஒஹாயோ) கால்வாய் பாதை முழுசா போகலாமா? போனவங்க சொல்லுங்க

ஜெர்மன்டவுன்காரன்

வணக்கம் மக்களே. ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்திருக்காங்க, செப்டம்பர் கடைசி வரைக்கும் எங்களோட மேரிலாண்ட்லதான் இருப்பாங்க. அப்பாவுக்கு 67 வயசு. போஸ்ட்மேனா இருந்து ரிட்டயர் ஆனவர், ஊர்ல இப்பவும் எங்க போறதா இருந்தாலும் சைக்கிள்தான், நான் வாங்கிக் குடுத்த ஸ்கூட்டி திண்ணையோரமா தூசி படிஞ்சு நிக்குது. இங்க வந்ததுலேர்ந்து மனுஷனுக்கு வீட்டுக்காவல் போட்ட மாதிரி ஆயிடுச்சு, காலைல எங்க கம்யூனிட்டிய சுத்துவார், அப்புறம் நாள் பூரா டிவி.

போன மாசம் எல்லாருமா கிரேட் ஃபால்ஸ் போனோம். மத்தவங்க அருவிய பாத்துட்டு நிக்கறாங்க, இவர் மட்டும் கால்வாய் ஓரமா போற மண் பாதையையே பாத்துட்டு நிக்கறார். இது எதுவரைக்கும்ப்பா போவுதுன்னு கேட்டார். இந்தப் பக்கம் வாஷிங்டன்ல இருக்கற ஜார்ஜ்டவுன் 14 மைல், அந்தப் பக்கம் கம்பர்லேண்ட் 170 மைல், மொத்தம் 184.5 மைல்னு சொன்னேன். கார் வராதான்னார், வராதுன்னேன். அவ்ளோதான், அன்னிலேர்ந்து தினமும் சாப்பிட உக்காந்தா இதே பேச்சு. நம்ம கணக்குல கிட்டத்தட்ட 297 கிலோமீட்டர், நான் பீட்ல ஓட்டாத தூரமான்னு கேக்கறார்.

சும்மா சொல்றார்னு நெனச்சேன், இப்ப பாத்தா என் பையனையும் (12 வயசு) சேத்துக்கிட்டு ரெண்டு பேரும் மேப் பாத்துட்டு இருக்காங்க. அதனால கேக்கறேன், இது நடக்கற காரியமா? எத்தனை நாள் ஆகும், டென்ட்டா ஹோட்டலா, சைவ சாப்பாட்டுக்கு என்ன பண்றது, எந்தப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்கறது, வாடகை சைக்கிள் போதுமா. அம்மா ஒரே வார்த்தைல வேண்டாம்னுட்டாங்க. நான் சைக்கிள் ஓட்டி வருஷக்கணக்கா ஆச்சு, அதையும் கணக்குல எடுத்துக்கோங்க.

சக்கரம்

மொதல்ல அப்பாவுக்கு என் வணக்கத்த சொல்லிடுங்க ப்ரோ. இந்த மூணு பேர்ல எனக்கு அவரைப் பத்திக் கவலையே இல்ல, உங்களைப் பத்தித்தான் கவலை.

அந்தப் பாதை சமதளம்னு எல்லாரும் சொல்வாங்க, நெஜம்தான். கம்பர்லேண்ட்லேர்ந்து ஜார்ஜ்டவுன் வரைக்கும் மொத்த இறக்கமே 605 அடி, அதுவும் 74 லாக்ல (படக ஏத்தி இறக்கற மதகு) பிரிஞ்சு கெடக்கு, லாக் வர்ற எடத்துல மட்டும் ஒரு சின்ன சறுக்கு வரும், மத்தபடி தட்டைதான். ஆனா தட்டையா இருக்கறதுலயே ஒரு வில்லங்கம் இருக்கு. இறக்கம் இல்லன்னா பெடல நிறுத்தி சும்மா உருள முடியாது, விடாம மிதிச்சுக்கிட்டே இருக்கணும், சீட்டுலேர்ந்து எந்திரிக்க சந்தர்ப்பமே வராது. கால் வலிக்கறதுக்கு முன்னாடி உக்கார்ற எடம் வலிக்கும். அப்பா பழகினவர், நீங்களும் பையனும் இப்பலேர்ந்தே வாரக்கடைசில கொஞ்சம் கொஞ்சமா ஓட்டிப் பழகுங்க.

பாதைல மண்ணும் பொடிக்கல்லும்தான். கொஞ்ச வருஷமா பார்க் சர்வீஸ்காரங்க பகுதி பகுதியா புதுசா கல் போட்டு மட்டம் பண்ணிட்டு வர்றாங்க, அந்த எடமெல்லாம் அருமையா இருக்கும், போடாத எடத்துல வண்டித்தடம் மாதிரி ரெண்டு கோடும் நடுவுல புல்லும், மரத்து வேரும். ரெண்டு நாள் மழை பெஞ்சா சேறுதான், அப்ப வேகத்துக்கு ஆசைப்படாதீங்க. டயர் 35 எம்எம்முக்கு குறையாம அகலமா இருக்கணும், மட்கார்டு கண்டிப்பா வேணும், ஒல்லி டயர் ரோடு பைக் எடுத்துட்டுப் போயி கஷ்டப்படாதீங்க. பெல் இருக்கணும்னு ரூல், வேகம் 15 மைல தாண்டக்கூடாது, நடக்கறவங்களுக்கும் குதிரைக்கும் நாமதான் வழி விடணும். பையனுக்கு ஹெல்மெட் மேரிலாண்ட்ல சட்டம், 16 வயசுக்கு கீழ எல்லாருக்கும் உண்டு, நீங்க ரெண்டு பேரும் போட்டுக்கோங்க, அப்பா வேணாம்பார், விடாதீங்க.

எந்தப் பக்கம்னா கம்பர்லேண்ட்லேர்ந்து கீழ வர்றதுதான் நல்லது. இறக்கத்துக்காக இல்ல, அது தெரியவே தெரியாது. வீட்டைப் பாத்து வர்றோம்ங்கறதுக்காக. மைல் கல்லெல்லாம் ஜார்ஜ்டவுன்ல ஜீரோன்னு ஆரம்பிக்குது, அதனால நீங்க வர வர நம்பர் கொறைஞ்சுகிட்டே வரும், களைச்சுப் போயிருக்கும்போது அது எவ்ளோ பெரிய ஆறுதல்னு ஓட்டினவனுக்குத்தான் தெரியும். போறதுக்கு வாஷிங்டன் டிசி யூனியன் ஸ்டேஷன்லேர்ந்து ஆம்ட்ராக் ரயில் இருக்கு, ஒரு நாளைக்கு ஒரு வண்டிதான், சைக்கிளுக்கு தனியா டிக்கெட் போடணும், எடம் கொஞ்சம்தான், முன்னாடியே புக் பண்ணிடுங்க. இல்லன்னா சைக்கிளோட ஆளையும் ஏத்திட்டுப் போற ஷட்டில் வேன்காரங்க இருக்காங்க.

ஆனா எங்கிட்ட கேட்டா முழுசா போகாதீங்கன்னுதான் சொல்வேன். கம்பர்லேண்ட்லேர்ந்து ஹேன்காக் வரைக்கும் 60 மைல், அந்தத் துண்டுதான் ரொம்ப அழகு, ரொம்ப சிக்கலும் அதுதான். கடை கிடையாது, பல எடத்துல போன் சிக்னல் கிடையாது, ஏதாச்சும் ஒண்ணுன்னா ரோட்டுக்கு வர்றதே பெரிய பாடு. 67 வயசுக்காரரையும் 12 வயசுப் பையனையும் வெச்சுக்கிட்டு அங்க போயி நிக்க வேண்டாம். ஹேன்காக்ல ஆரம்பிங்க. அங்கேர்ந்து வில்லியம்ஸ்போர்ட் 25 மைல், அடுத்த நாள் ஷெப்பர்ட்ஸ்டவுன் 27 மைல், அதுக்கடுத்து ஹார்ப்பர்ஸ் ஃபெரி வெறும் 12 மைல். மூணு ராத்திரியும் கூரைக்கு கீழ படுக்கலாம். தெம்பு இருந்தா அப்படியே தொடர்ந்து உங்க வீட்டுக்கு பக்கத்துல இருக்கற ரைலீஸ் லாக் வரைக்கும் வந்துருங்க, ஹேன்காக்லேர்ந்து அங்க 101 மைல் வரும், நூறு மைல் ஓட்டினேன்னு அப்பா ஊர்ல போயி சொல்லிக்கலாம்.

கூடாரம்

சக்கரம் அண்ணன் சொல்றதுல டயர் விஷயம் வரைக்கும் ஒத்துக்கறேன், அதுக்கப்புறம் சண்டை 🙂

ஹோட்டல்ல படுக்கறதுக்கு எதுக்கு அந்தப் பாதைக்கு போகணும்? வழி நெடுக நடக்கறவங்களுக்கும் சைக்கிள்காரங்களுக்கும்னே கேம்ப் சைட் போட்டு வெச்சிருக்காங்க, பைசா வாங்கறதில்ல, புக்கிங் கிடையாது, மொதல்ல வந்தவனுக்கு மொதல் எடம், ஒரு சைட்ல ஒரு ராத்திரிதான் தங்கலாம். மேஜை பெஞ்சு, அடுப்பு மூட்ட ஒரு வளையம், ஒரு போர்ட்டபிள் கக்கூஸ், அடிபம்பு. அந்தத் தண்ணில அயோடின் கலந்திருப்பாங்க, கொஞ்சம் மருந்து வாடை அடிக்கும், எலுமிச்சம்பழம் பிழிஞ்சா தெரியாது. குளிர் காலத்துல பம்பு கைப்பிடிய கழட்டிடுவாங்க, உங்க செப்டம்பருக்கு அந்தப் பிரச்சனை இல்ல, ஆனா சில பம்பு தண்ணி டெஸ்ட்ல தேறலைன்னா மூடி வெச்சிருப்பாங்க, அதனால ஒரே பம்ப நம்பி பாட்டில காலி பண்ணிடாதீங்க. குப்பைத்தொட்டி எங்கயுமே கெடையாது, உங்க குப்பைய நீங்களே தூக்கிட்டு வரணும்.

அந்த கம்பர்லேண்ட் ஹேன்காக் துண்ட விடறதுன்னு சொல்றாரு பாருங்க, அதுலதான் பா பா (Paw Paw) டனல் இருக்கு! 3,118 அடி, மலைக்குள்ள குடைஞ்சு செங்கல் வெச்சு கட்டினது. உள்ள லைட்டு கிடையாது, சைக்கிள தள்ளிட்டுத்தான் போகணும், ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பி, அதுக்கு அந்தாண்ட கறுப்புத் தண்ணி. டார்ச்ச அணைச்சுட்டு நடுவுல நின்னு பாருங்க, ரெண்டு பக்கமும் வாசல் நாலணா காசு அளவுக்குத் தெரியும். அந்த வயசுப் பையன் வாழ்நாள்ல மறக்க மாட்டான். ரெண்டு வருஷத்துல முடிச்சுடலாம்னு 1836ல ஆரம்பிச்சாங்க, முடிஞ்சது 1850ல. நம்ம ஊர் பாலம் கட்டறவங்கள இனிமே திட்டாதீங்க.

ரெண்டு எச்சரிக்கை மட்டும். டென்ட் போடறதுக்கு முன்னாடி மேல அண்ணாந்து பாருங்க, ஆஷ் மரமெல்லாம் வண்டு அரிச்சு பட்டுப்போயி நிக்குது, காத்தடிச்சா கிளை விழும். அப்புறம் ராத்திரி ரயில் சத்தம். கால்வாய் கூடவே வர்ற பொடோமாக் ஆத்துக்கு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ கூட்ஸ் வண்டி போய்க்கிட்டே இருக்கும், விடிய விடிய ஹாரன். காதுல பஞ்சு இல்லாம தூங்க முடியாது.

பழைய மேப்பு

அந்த ரயில் சத்தத்துக்கு பின்னாடி இருக்கற கதைய யாராச்சும் சொல்லுவீங்கன்னு பாத்தேன், சொல்லல, அதனால நான் வந்துட்டேன். கேள்விக்கு நேரா பதில் இல்லைதான், ஆனா அப்பாவுக்கு பிடிக்கும்.

1828 ஜூலை 4. ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸ் வந்து இந்தக் கால்வாய்க்கு மொத மண்ண வெட்டறார். மம்பட்டி போயி வேர்ல மாட்டிக்குது, திரும்பத் திரும்ப போட்டும் இறங்கல, மனுஷன் கோட்டக் கழட்டி வெச்சுட்டு குத்தினாராம், கூட்டம் கைதட்டுச்சாம். அதே நாள், அதே ஜூலை 4, நாப்பது மைல் தள்ளி பால்டிமோர்ல பி அண்ட் ஓ (பால்டிமோர் அண்ட் ஒஹாயோ) ரயில்வேக்கு மொத கல்லு நடறாங்க, நட்டவர் சார்லஸ் கேரல், சுதந்திரப் பிரகடனத்துல கையெழுத்து போட்டவங்கள்ல அப்ப உயிரோட இருந்த கடைசி ஆள். ரெண்டு கோஷ்டிக்கும் கனவு ஒண்ணுதான், மலையத் தாண்டி ஒஹாயோ ஆத்த தொடணும், மேற்குல இருக்கற வியாபாரத்த கெழக்க கொண்டு வரணும். பாயிண்ட் ஆஃப் ராக்ஸ்னு ஒரு எடத்துல மலைக்கும் ஆத்துக்கும் நடுவுல எடம் ரொம்ப கம்மி, அங்க யாரு மொதல்ல போறதுன்னு கோர்ட்டுக்குப் போயி வருஷக்கணக்குல இழுத்தாங்க. கேஸ்ல கால்வாய் ஜெயிச்சுது. ஆனா கம்பர்லேண்டுக்கு ரயில் வந்து சேந்தது 1842, கால்வாய் வந்து சேந்தது 1850. அதுக்கு மேல தோண்ட கையில காசும் இல்ல, அர்த்தமும் இல்ல. ஒஹாயோ கடைசி வரைக்கும் பேர்ல மட்டும்தான் இருந்துச்சு.

அதுக்கப்புறமும் முக்கால் நூற்றாண்டு ஓடிச்சுங்கறதுதான் ஆச்சரியம். பெரும்பாலும் நிலக்கரி. கோவேறு கழுதைங்க கரையில நடந்து கயித்தால படக இழுக்கும், அது நடந்த பாதைலதான் இன்னிக்கு நாம சைக்கிள் ஓட்டறோம். குடும்பம் குடும்பமா படகுலயே வாழ்ந்தாங்க, பொடிப் பசங்கதான் கழுதைய ஓட்டிட்டு நடப்பாங்க. ஜெர்மன்டவுன் தம்பி, உங்க பையன் வயசுல இருந்தவங்க இந்த முழு தூரத்தையும் நடந்தே போயிருக்காங்க, அதுவும் வருஷத்துல பல தடவை. 1889 வெள்ளத்துல கம்பெனி திவாலாயி, பழைய எதிரி பி அண்ட் ஓ கைக்கே போச்சு, 1924 வெள்ளத்தோட படகு நின்னு போச்சு. 1938ல 20 லட்சம் டாலருக்கு அரசாங்கம் வாங்குச்சு.

வாங்கி என்ன பண்ண நெனச்சாங்க தெரியுமா? ரோடு போட. கால்வாயோரமா கார் போற பார்க்வே ஒண்ணு போடலாம்னு திட்டம், 1954 ஜனவரில வாஷிங்டன் போஸ்ட்டே தலையங்கம் எழுதி ஆதரிச்சுது. அப்ப சுப்ரீம் கோர்ட்ல வில்லியம் டக்ளஸ்னு ஒரு நீதிபதி, நடைப் பைத்தியம், அவர் பேப்பருக்கு கடிதம் எழுதினார், தலையங்கம் எழுதினவர் என்னோட முழுசா நடந்து பாத்துட்டு அப்புறம் எழுதட்டும்னு. ஆசிரியருங்களும் சரின்னாங்க. மார்ச்ல கம்பர்லேண்ட்லேர்ந்து பெரிய கூட்டமா கெளம்பினாங்க, எட்டு நாள் நடை, மழை பனியெல்லாம் பாத்து, ஒரு அடி விடாம முழுசா நடந்து முடிச்சவங்க டக்ளஸோட சேத்து 9 பேர்தான். பேப்பர் தன்னோட நிலைப்பாட்ட மாத்திக்கிச்சு, ரோடு வரல. 1971ல நிக்சன் காலத்துல தேசிய வரலாற்றுப் பூங்கா ஆக்கினாங்க. நடந்தப்ப டக்ளஸுக்கு 55 வயசு, அதனால அப்பா வயசப் பத்தி யாரும் ரொம்ப பேச வேண்டாம்.

வழில மோனோகசி அக்வடக்ட் கண்டிப்பா பாருங்க, 42வது மைல் பக்கம். ஒரு ஆத்துக்கு மேல கால்வாய தூக்கிட்டுப் போற கல் பாலம், நம்ம மாத்தூர் தொட்டிப்பாலம் பாத்திருந்தீங்கன்னா சட்டுனு புரியும், அது உசரம், இது நீளம், ஏழு வளைவு, 516 அடி. உள்நாட்டுப் போர்ல தெற்குப் படைக்காரங்க வெடி வெச்சுத் தகர்க்கப் பாத்தாங்க, கல்லு அசைஞ்சு குடுக்கல.

யாழ் சைக்கிள்

வணக்கம் அண்ணை. நான் டொராண்டோவிலை இருக்கிறன். நாங்கள் கொஞ்சப் பேர் பிட்ஸ்பர்க்கிலை இருந்து வாஷிங்டன் மட்டும் ஓடினனாங்கள். பிட்ஸ்பர்க் கம்பர்லாண்ட் துண்டு கிரேட் அலிகேனி பாசேஜ் எண்டு வேறை பாதை, 150 மைல், பழைய ரயில் தண்டவாளத்தை எடுத்துப்போட்டு போட்டது, நல்லா இறுகின பொடிக்கல்லு. அதிலை ஓடிப்போட்டு கால்வாய்ப் பாதைக்கு இறங்கேக்கை வித்தியாசம் உடனை விளங்கும், அதுவும் எங்களுக்கு முதல் நாள் மழை பெய்திருந்தது, சேறு பிரேக்குக்குள்ளை போய் ஒரே கரகரப்பு.

உங்கட அப்பாவை டென்ட்டுக்கை படுக்க விடாதேங்கோ எண்டுதான் நானும் சொல்லுவன். ஓடுறது பிரச்சினையில்லை, விடியப்பறம் நிலத்திலை இருந்து எழும்புறதுதான் பிரச்சினை, அறுபது தாண்டின ஒராள் எங்களோடை வந்தவர், பகல் முழுக்க எங்களை விட முன்னுக்குப் போவார், காலமை முழங்காலைப் பிடிச்சுக்கொண்டு இருப்பார்.

கம்பர்லாண்ட் பக்கமும் காட்டோணும் எண்டு ஆசை எண்டால் ஒரு யோசனை. வேறை ஒரு நாள் காரிலை ஃப்ராஸ்ட்பர்க் கொண்டு போய் விடுங்கோ, அங்கையிருந்து கம்பர்லாண்ட் ஒரு 15 மைல் கிட்ட, முழுக்க இறக்கம், பெடல் மிதிக்கவே தேவையில்லை. மலையும் பாக்கலாம், களைப்பும் இல்லை.

ஜெர்மன்டவுன்காரன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ பதில் வரும்னு எதிர்பாக்கல. டக்ளஸ் கதைய அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன், ரெண்டு தடவ படிக்கச் சொன்னார், அந்த 9 பேர்ல தபால்காரன் யாராச்சும் இருந்தானான்னு கேக்கறார். யாழ் சைக்கிள், நீங்க சொன்ன முழங்கால் விஷயம் அம்மா காதுல விழுந்துடுச்சு, டென்ட் கதை அத்தோட முடிஞ்சுது. கூடாரம் ப்ரோ, மன்னிச்சுக்கோங்க, டனலுக்கு தனியா ஒரு நாள் கார்ல கூட்டிட்டுப் போறேன்.

ஹேன்காக்லேர்ந்துன்னு முடிவு பண்ணிட்டோம். இப்ப ரெண்டு சந்தேகம். அப்பாவுக்கு இ-பைக் வாடகைக்கு எடுக்கலாமா, பாதைல விடுவாங்களா? (அப்பாவுக்கு தெரியாம கேக்கறேன்.) அப்புறம் சாப்பாடு. அப்பா சைவம், முட்டை கூட கிடையாது, அம்மா இல்லாம நாலு நாள் எப்படி சமாளிக்கறதுன்னு தெரியல. அம்மாவ வீட்ல தனியா விட்டுட்டுப் போறதும் ஒரு மாதிரி இருக்கு.

தயிர்சாதம்

தம்பி, எல்லாரும் அப்பாவையே பாக்கறீங்க, அம்மாவ ஏன் வீட்ல விட்டுட்டுப் போறீங்க? உங்க வீட்டுக்காரங்க கார் ஓட்டுவாங்கல்ல? நாங்க போனப்ப அப்படித்தான் பண்ணோம், ஆம்பளைங்களும் பசங்களும் சைக்கிள்ல, நானும் என் மாமியாரும் கார்ல. மூட்டை முடிச்செல்லாம் கார்லயே வந்துடும், சைக்கிள்ல ஒரு தண்ணி பாட்டில், ஒரு மழைக்கோட்டு, அவ்ளோதான் சுமை. சைக்கிள் போறதுக்குள்ள கார் அடுத்த ஊர் போயிடும், மிச்ச நேரம் எங்களுக்குத்தான், ஷெப்பர்ட்ஸ்டவுன் காலேஜ் ஊர், கடைத்தெரு நடக்க நல்லா இருக்கும், ஆண்டீட்டம் போர்க்களம் பக்கத்துலயே இருக்கு, ஹேன்காக்லேர்ந்து வர்ற வழில ஃபோர்ட் ஃப்ரெடரிக்னு 1756ல கட்டின கல்கோட்டை. மாமியார் அந்தக் கோட்டை மதில்ல உக்காந்து முறுக்கு சாப்ட்டத இன்னும் சொல்லிட்டு இருக்காங்க.

சாப்பாடு ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. மொத நாளைக்கு புளியோதரை, எலுமிச்சை சாதம், அது தாங்கும். அதுக்கப்புறம் தங்கற எடத்துல மைக்ரோவேவும் ஃப்ரிட்ஜும் இருக்கான்னு கேட்டு புக் பண்ணுங்க, ஒரு குட்டி ரைஸ் குக்கரும் தயிரும் ஊறுகாயும் இருந்தா அப்பா எதுவும் கேக்க மாட்டார். பாதைல வாழைப்பழம், கடலை மிட்டாய், பொட்டுக்கடலை, உப்பு போட்ட மோர். அந்த ஜெல்லு பாரு எல்லாம் வாங்கிக் குடுத்துடாதீங்க, எங்க மாமனார் ஒரு வாய் வெச்சுட்டு பேஸ்ட்டான்னு கேட்டார்.

முக்கியமா ரெண்டு. ஒண்ணு உண்ணி. செப்டம்பர்லயும் இருக்கும், புல்லுல உக்காந்துட்டு எந்திரிச்சா கால் மடிப்பு, இடுப்பு, காதுக்கு பின்னாடி எல்லாம் தெனம் சாயங்காலம் பாத்துடுங்க, உண்ணி கடிச்சு லைம் நோய் வந்தா லேசுல விடாது. மூணு இலை கொத்தா இருக்கற செடிய (பாய்சன் ஐவி, தொட்டா அரிப்பு) தொடக்கூடாதுன்னு அப்பாகிட்ட சொல்லி வைங்க, ஊர்க்காரங்க எல்லா இலையையும் கிள்ளி மோந்து பாப்பாங்க. இன்னொண்ணு விசிட்டர் இன்சூரன்ஸ், சைக்கிள்லேர்ந்து விழுந்தா கவர் ஆகுமான்னு பாலிசிய படிச்சுப் பாருங்க, பழைய வியாதிக்கு இல்லைன்னு போட்டிருப்பாங்க, அடிபட்டதுக்கு என்னன்னு பாக்கணும்.

சக்கரம்

அக்கா சொன்ன கார் ஐடியாதான் சரி, நான் யோசிக்கவே இல்ல. அப்ப இன்னும் சுலபம்.

இ-பைக் விஷயம்: தேசியப் பூங்காவுல பெடல் மிதிக்கும்போது மோட்டார் உதவலாம், பெடலே போடாம த்ராட்டில்ல ஓட்டறது கூடாது. எந்த கிளாஸ் வண்டிய விடறாங்கன்னு வாடகைக்கு எடுக்கறதுக்கு முன்னாடி பார்க் சைட்ல பாத்துடுங்க. ஆனா என் அபிப்பிராயம், அப்பாவுக்கு எடுக்காதீங்க, உங்களுக்கு எடுத்துக்கோங்க 😄 அவருக்கு ஹேண்டில் உசரமா, சீட்டு அகலமா, நிமிந்து உக்கார்ற மாதிரி ஒரு ஹைப்ரிட் வாங்கிக் குடுங்க. இங்க இருக்கற மவுண்டன் பைக்ல குனிஞ்சு உக்கார வெச்சா கழுத்து போயிடும்.

ஹேன்காக்லேர்ந்து முதல் நாள் கால்வாய்ப் பாதைல போகாதீங்க. பக்கத்துலயே வெஸ்டர்ன் மேரிலாண்ட் ரயில் டிரெயில்னு தார் போட்ட பாதை பிக் பூல் வரைக்கும் கூடவே வரும், அதுல போங்க, கிட்டத்தட்ட 11 மைல் வழுவழுன்னு இருக்கும், மொத நாள் உடம்பு பழகறதுக்கு நல்லது. அது முடியற எடத்துக்கு பக்கத்துலதான் அக்கா சொன்ன கோட்டை, அங்க காரோட சேந்து மத்தியான சாப்பாடு. அப்புறம் மண் பாதை.

ரெண்டாவது நாள் 88லேர்ந்து 84வது மைல் வரைக்கும் பிக் ஸ்லாக்வாட்டர். அந்த எடத்துல மலை செங்குத்தா ஆத்துல இறங்குது, கால்வாய் தோண்ட வழியில்ல, அதனால படகெல்லாம் ஆத்துக்குள்ளயே இறங்கிப் போச்சு, கழுதை மட்டும் பாறை ஓரமா நடந்துச்சு. வெள்ளத்துல அந்தப் பாதை அடிச்சுட்டுப் போயி ரொம்ப வருஷம் கார் ரோட்டுல சுத்திக்கிட்டு போக வேண்டியிருந்துச்சு, 2012ல கான்கிரீட் போட்டுத் திறந்தாங்க. ஒரு கை பாறை, ஒரு கை பொடோமாக், முழுப் பாதைலயும் எனக்குப் பிடிச்ச எடம் அதுதான், டனல விட. (கூடாரம் சண்டைக்கு வரலாம்.)

ஹார்ப்பர்ஸ் ஃபெரில ஊருக்குள்ள போக ரயில் பாலத்தோட ஒட்டின நடைபாலத்த தாண்டணும், அதுக்கு படிக்கட்டு ஏறணும், சைக்கிள தூக்கிட்டு. அப்பா சைக்கிள நீங்க தூக்குங்க, இல்லன்னா இந்தப் பக்கமே பூட்டி வெச்சுட்டு நடந்து போங்க. கெளம்பறதுக்கு முன்னாடி நாள் பார்க் சைட்ல மூடல் அறிவிப்பு பாத்துடுங்க, ஆறு பொங்கினா பாதைய மூடிடுவாங்க.

ஜெர்மன்டவுன்காரன்

அம்மாகிட்ட கார் ஐடியா சொன்னதும் உடனே சரின்னுட்டாங்க, இப்ப முறுக்கு மாவு வரைக்கும் பேச்சு போயிடுச்சு. நன்றி அக்கா.

அப்பாவோட கடைசிக் கேள்வி, அவர் சொன்னபடியே டைப் பண்றேன்: "வழில பஞ்சர் கடை இருக்கா, இல்ல நானே ஒட்டிக்கணுமா? ஒட்டறதுன்னா சொல்யூஷன் எங்க கெடைக்கும்?"

சக்கரம்

ஹேன்காக்ல சைக்கிள் கடை இருக்கு, அதுக்கப்புறம் நடுவழில எதையும் நம்ப வேண்டாம். ஒட்டற கிட் எந்த சைக்கிள் கடைலயும், வால்மார்ட்லயும் கெடைக்கும், ஆனா சேத்துல உக்காந்து ஒட்டறதுக்கு புது ட்யூப் மாத்தறது சீக்கிரம், ஆளுக்கு ரெண்டு ட்யூப் எடுத்துக்கோங்க, கிழிஞ்சத ராத்திரி ரூம்ல அப்பா உக்காந்து ஒட்டட்டும். ட்யூப் வாங்கறதுக்கு முன்னாடி மூணு சைக்கிளோட டயர் சைஸும் வால்வு ஒல்லியா தடியான்னும் பாத்து எழுதிட்டுப் போங்க, பம்பு ரெண்டுக்கும் பொருந்தற மாதிரி வாங்குங்க. பையன் சைக்கிள் 24 இஞ்ச்னா அந்த ட்யூப் சின்ன ஊர்க் கடைல கெடைக்காம போகலாம், அத வீட்லேர்ந்தே வாங்கிட்டுப் போயிடுங்க.